வட்டம் முட்டையாக வருகிறது, அண்ணாச்சி

கேள்வி: எனக்கு 31 வயது. செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடமாக, இரவில் பிள்ளை தூங்கிய பிறகு டிஜிட்டலில் படம் வரைகிறேன். முதலில் போனில், ரப்பர் முனைப் பேனாவால். போன தீபாவளி போனஸில், லேப்டாப்போடு இணைத்து வரையும் திரையில்லாத டேப்லெட் ஒன்று வாங்கினேன்; பழைய லேப்டாப்பில் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் போவதை வரையத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. பாலம் நேராகத் தூரத்துக்குப் போவது போலத்தான் போட்டேன், ஆனால் நான்காவது கண்ணைத் தாண்ட முடியவில்லை. ஒரு வட்டம்கூட எனக்கு வட்டமாக வருவதில்லை, முட்டையாக வருகிறது. கோடு கைக்குப் பின்னால் ஓடி வருகிறது. முடிக்காத ஃபைல்கள் 43. புனலூரில் 17 வயதுப் பெண் ஒருத்தி போடும் படங்களைப் பார்த்தால் என்னுடையதை எல்லாம் அழித்துவிடத் தோன்றுகிறது. அக்கா மகன் செயற்கை நுண்ணறிவில் பத்து நொடியில் அதே பாலத்தை வரவழைத்துக் காட்டினான். “இதில் என்ன வருமானம்?” என்று மதினி கேட்கிறார்கள். இரண்டு மாதமாக டேப்லெட்டைத் தொடவில்லை. விட்டுவிடலாமா அண்ணாச்சி?

பதில்:

விட்டுவிடலாம். பொழுதுபோக்கை விடுவதற்கு யாருக்கும் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நிஜமாகவே விட்டுவிட்டவர்கள் முடிக்காத ஃபைல்கள் 43 என்று எண்ணி வைத்திருக்க மாட்டார்கள். அதனால் மேலே பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்ற இடம் அந்த முட்டை. வருமானம், புனலூர்ப் பெண், அக்கா மகன் எல்லாம் பிறகு. அந்த முட்டை படுத்திருக்கிறதா, நிற்கிறதா? ஒவ்வொரு முறையும் அகலவாக்கில் ஒரே மாதிரி படுத்திருக்கிறது என்றால் உங்கள் கை மேல் பழி போடாதீர்கள். கைக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது. கை தப்புச் செய்தால் ஒருநாள் இப்படிச் செய்யும், மறுநாள் வேறு மாதிரி செய்யும். ஒரே தப்பைத் தினமும் ஒரே அளவில் செய்வது இயந்திரத்தின் குணம்.

இதைச் சோதிக்க ஒரு கண்ணாடி வளையல் போதும். உலோக வளையல் வேண்டாம். சில டேப்லெட்டுகளில் அது பேனாவின் சமிக்ஞையைக் குழப்பும். வளையலை டேப்லெட்டின் மேல் வைத்து, உள்விளிம்பை ஒட்டிப் பேனாவை ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு திரையைப் பாருங்கள். வளையல் வட்டம் என்பதில் சந்தேகம் இல்லை. திரையில் முட்டை வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பல டேப்லெட்டுகளின் வரையும் பரப்பு 16-க்கு 10 என்ற விகிதத்தில் இருக்கும். பழைய லேப்டாப் திரைகளோ பெரும்பாலும் 16-க்கு 9. முழு டேப்லெட்டையும் முழுத் திரையோடு பொருத்தி வைத்திருந்தால், நீங்கள் போடும் வட்டம் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு நீண்டுவிடும். டேப்லெட்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளைத் திறந்து, வரையும் பரப்பின் விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு ஒத்துப்போக வையுங்கள். பெரும்பாலும் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போடுவதோடு வேலை முடியும். டேப்லெட்டின் ஓரத்தில் ஒரு பட்டை பயன்படாமல் கிடக்கும். கிடக்கட்டும்.

‘கோடு கைக்குப் பின்னால் ஓடி வருகிறது’ என்பதிலும் பாதி இயந்திரத்தின் பங்கு இருக்கிறது என்று ஊகிக்கிறேன். ஃபைலை ஏ4 தாள் அளவில், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் அது 2480-க்கு 3508 பிக்சல். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் கண்ணாடித் தாள் போன்ற லேயர் ஒன்றுக்கு மட்டும், அது முழுதாக நிறைந்தால், சுமார் 35 எம்பி நினைவகம் வேண்டும். நாற்பது லேயர் அடுக்கினால் 1,400 எம்பி ஆகிறது. பழைய லேப்டாப் மூச்சுவாங்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, கோட்டை நிதானப்படுத்தும் ஸ்டெபிலைசர் என்ற வசதியைக் கூட்டி வைத்திருந்தால் அது வேண்டுமென்றே கோட்டைத் தாமதமாகத்தான் விடும். அதன் வேலையே அதுதான். அதைக் குறைத்துவிட்டு, அஞ்சலட்டை அளவில் ஒரு ஃபைல் திறந்து பாருங்கள். ஏ6 தாள், 1240-க்கு 1748 பிக்சல். லேயருக்கு 9 எம்பிகூட ஆகாது. கோடு கையோடு வருகிறதா என்று அப்போது தெரியும்.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘எனக்கு வராது’ என்ற எண்ணம் வந்தவுடன் அதை அப்படியே மொத்தமாக நம் பெயரில் பற்று எழுதிவிடுகிறோம். அதில் டிரைவரின் பங்கு எவ்வளவு, நினைவகத்தின் பங்கு எவ்வளவு, இரவு பதினொரு மணித் தூக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கணக்கு எழுதுகிற நீங்களே இப்படிச் செய்யலாமா?

நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான். முப்பது வருடம் இதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் மையில் படம் போட்டுவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது திரையில்லாத டேப்லெட்டுக்கு மாறினேன். கை மேஜையில், கண் எதிரே திரையில். முதல் வாரம் என் கையெழுத்தே எனக்கு வரவில்லை. இரண்டாவது வாரம் அதை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். சாவியைத் தொலைக்காததால் பிழைத்தேன். ஒரு மாதம் ஒன்றும் உருப்படியாக வரையாமல், தினமும் பத்து நிமிடம் பழைய நண்பர்களின் பெயர்களை மட்டும் அதில் எழுதிக்கொண்டிருந்தேன். எப்போது என்று தெரியாமலே கண்ணும் கையும் சமாதானம் ஆகிவிட்டன.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். இயந்திரத்தின் பங்கைக் கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அது நிஜமானது, அதைத் துரத்தவும் முடியாது. எனக்கு இன்னும் போகவில்லை. அதற்கு வேலை நேரம் குறித்துக் கொடுப்பதைத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

என் மாமா ஒரு மரவாடியில் வேலை பார்த்தார். சிறுவயதில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். லாரி வந்து நின்றதும் ஒருவர் நாடா பிடித்துச் சுற்றளவையும் நீளத்தையும் உரக்கச் சொல்வார். மாமா எழுதிக்கொண்டே போவார். எழுதும்போது சரிபார்க்க மாட்டார், கூட்டிப் பார்க்க மாட்டார், நாடா பிடிப்பவரைச் சந்தேகிக்கவும் மாட்டார். கடைசிக் கட்டை இறங்கி, லாரி போய், டீ குடித்த பிறகுதான் சிவப்புப் பேனாவை எடுப்பார். ஒவ்வொரு கட்டைக்கும் சிவப்புப் பேனாவை எடுத்திருந்தால் அந்த லாரி இன்றைக்கும் அங்கேதான் நின்றிருக்கும்.

நீங்கள் இரவு பத்து மணிக்கு வரைய உட்காரும்போது சிவப்புப் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருகிறீர்கள். ஒரு கோடு, ஒரு தீர்ப்பு. இன்னொரு கோடு, இன்னொரு தீர்ப்பு. டிஜிட்டலில் போட்ட கோட்டை ஒரு விசையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது வேறு வசதியாகப் போய்விட்டது. ஒரே புருவத்தை நாற்பது தடவை அழித்துப் போட்டால் நாற்பதாவது புருவம் முதலாவதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மூன்றாவதுதான் நன்றாக இருந்திருக்கும்.

இரவில் வரையுங்கள், எதையும் அழிக்காதீர்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். காலையில் மில்லுக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் அதே படத்தைத் திறந்து, சந்தேகத்தைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அதன் கையில் கருவி கொடுங்கள். கிரிட்டாவில் எம் விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாகத் திரும்பும். பார்வைக்கு மட்டும்தான், ஃபைல் மாறாது. பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் எல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். ரயிலும் மலையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் குறை நிறத்தில் இல்லை, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. கண்டதை ஒரே ஒரு வரியில் எழுதி வையுங்கள். ‘நன்றாக இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘தேக்கில் 14 கன அடி குறைகிறது’ என்பதைக் கணக்கு என்பீர்கள். ‘தேக்கு சரியில்லை’ என்று பேரேட்டில் எழுதினால் முதலாளி என்ன சொல்வார்? ‘இடது தூண் மேலே போகப் போகத் தடிக்கிறது’ என்று எழுதுங்கள். அன்று இரவு திருத்த வேண்டியது அந்த ஒன்றை மட்டும்தான்.

அந்த 43 ஃபைல்களுக்கும் பதில் உங்கள் மில்லிலேயே இருக்கிறது. சுற்றளவை நான்கால் வகுத்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கித்தானே உருட்டுக் கட்டைக்குக் கன அடி போடுகிறீர்கள்? அந்தக் கணக்கில் 100 கன அடி உள்ள கட்டை 78.5 கன அடியாகத்தான் ஏடேறும். மீதி 21.5 கட்டைக்குள்ளேதான் இருக்கிறது, ஆனால் கணக்கில் வராது. அறுக்கும்போது தூளும் சிராயும் மேல்பட்டையும் கழியும் என்று வாங்குபவரும் விற்பவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. கழிவுக்காக யாரும் மரத்தைத் திட்டுவதில்லை. நீங்கள் மட்டும் வரைவது முழுவதும் பலகையாகவே இறங்க வேண்டும் என்கிறீர்கள். ‘மரத்தூள்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அந்த 43-இல் 40-ஐ அதில் தள்ளுங்கள். அழிக்க வேண்டாம், மரத்தூளையும் அடுப்புக்கு வாங்கிப் போக ஆள் வரும். ஒரு கை, ஒரு மேகம், ஒரு மரக்கிளை என்று பிறகு அதிலிருந்து எடுப்பீர்கள். மிச்சம் மூன்றை அஞ்சலட்டை அளவுக்குச் சுருக்கி முடியுங்கள். முடிப்பது என்பது வரைவதிலிருந்து வேறான ஒரு பழக்கம். சின்னதை முடித்துத்தான் அது வரும்.

மூன்றில் ஒன்று பாலமாகத்தான் இருக்கும் என்று தெரியும். நான்காவது கண்ணில் நீங்கள் நின்றதற்குக் காரணம் கையில் திறமை இல்லாதது என்று நினைத்திருப்பீர்கள். ஒரு தந்திரம் தெரியவில்லை, அவ்வளவுதான். தூரம் போகப் போகக் கண்கள் குறுகும். எவ்வளவு குறுகும் என்பதை உத்தேசமாகப் போட்டால் நான்கு வரை சமாளிக்கலாம், பிறகு பல் இளிக்கும். இப்படிச் செய்து பாருங்கள். பாலத்தின் மேல்கோடும் தரைக்கோடும் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருமாறு போட்டுக்கொள்ளுங்கள். முதல் தூணையும் இரண்டாம் தூணையும் கண்ணளவில் நிறுத்துங்கள். முதல் தூணின் சரிபாதி உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து அதே தூரப் புள்ளிக்கு மூன்றாவது கோடு ஒன்று இழுங்கள். இப்போது முதல் தூணின் உச்சியிலிருந்து புறப்பட்டு, இரண்டாம் தூணை அந்த நடுக்கோடு வெட்டும் இடத்தின் வழியாகச் சாய்வாக ஒரு கோடு. அது தரைக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூண். இரண்டாம் தூணின் உச்சியிலிருந்து மூன்றாம் தூணின் நடு வழியாக இழுத்தால் நான்காம் தூண். இப்படியே பதிமூன்று கண்ணும் தானாக வந்து நிற்கும். இந்தக் கோடுகளைத் தனி லேயரில் போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். மையில் வரைந்த காலத்தில் இவற்றைப் பென்சிலில் போட்டு ரப்பரால் அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிடும். உங்கள் தலைமுறை கொடுத்துவைத்தது.

நான்கு மாத மனவேதனை ஒரு சாய்வுக் கோட்டில் தீர்ந்துவிடும் என்றால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆரம்ப காலத்தில் ஒரு வார இதழுக்கு நான் போட்ட அட்டைப்படம் திரும்பி வந்தது, மூலையில் ‘கை சரியில்லை’ என்ற குறிப்போடு. எந்த இதழ் என்பது வேண்டாம். அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து வருடம் என் படங்களில் கதாநாயகர்கள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். கதாநாயகிகள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள். வில்லன்கள் சட்டைப்பையில். ஒருநாள் வெட்கம் வந்து, ஒரு பழைய டைரியில் தினமும் ஒரு கை என்று வரையத் தொடங்கினேன். வலது கை பேனா பிடித்திருந்ததால் மாதிரிக்கு இடது கைதான் கிடைத்தது. இன்றைக்கும் என் படங்களில் இடது கைகள் வலது கைகளைவிட நன்றாக இருக்கும்.

புனலூர்ப் பெண்ணைப் பற்றி. 1862-இல் 14 வயதில் ரவிவர்மா கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் வந்தபோது அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மனமில்லாமல் இருந்தார் என்றும், அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து கற்றுக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் தாம் வரைவதைப் பார்க்க மட்டும்தான் விட்டாராம். உங்கள் செங்கோட்டையும் அப்போது அதே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம் வந்தது.

அந்தக் காலத்தில் தொழிலை மறைத்தார்கள், கற்பவர் திண்டாடினார். இப்போது எல்லாவற்றையும் காட்டுகிறார்கள், அப்படியும் திண்டாட்டம் தீரவில்லை. ஏன் என்றால் காட்டுவது ஒன்பது மணி நேர வேலையை அரை நிமிடத்தில் ஓட்டிய காட்சி. அதில் அவள் தலையைச் சொறிந்தது இல்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது இல்லை, ஒரு முகத்தை மூன்று நாள் கிடப்பில் போட்டது இல்லை. நீங்கள் உங்கள் ஒன்பது மணி நேரத்தை அவளுடைய அரை நிமிடத்தோடு வைத்துப் பார்க்கிறீர்கள். பதினேழு வயதில் அவளுக்குப் பிள்ளை தூங்கவைக்கும் வேலையும் இல்லை. அவள் படம் ஒன்றை எடுத்து, இதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழலுக்கு என்ன நிறம் போட்டிருக்கிறாள் என்று மட்டும் பாருங்கள். ஆறுமுகம் பிள்ளை இரவில் வந்து சொன்னது போல அவளும் உங்களுக்குச் சொல்லித்தருவாள், அவளுக்கே தெரியாமல்.

மதினியின் கேள்வி தவறான கேள்வி இல்லை. வீட்டில் நாலு காசு எங்கே போகிறது என்று பார்ப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கேள்வியை நீங்களும் உங்களிடம் கேட்க ஆரம்பித்துவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கவலை. அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரிப் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் நடத்திய ஒரு சோதனை 1973-இல் வெளியானது. ஸ்கெட்ச் பேனாவில் படம் போடுவதில் ஏற்கெனவே ஆசையுள்ள, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். ஒரு கூட்டத்திடம், ‘படம் போட்டால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக என்று சொல்லி வரைய வைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். மற்ற இரண்டு கூட்டத்துக்கும் ஆசை குறையவில்லை.

நீங்கள் வரையத் தொடங்கிய முதல் வருடம் யாருக்கும் காட்டியிருக்க மாட்டீர்கள். ரப்பர் முனைப் பேனாவுக்கு அழுத்தம் தெரியாது. மெதுவாகத் தொட்டாலும் அழுத்தினாலும் ஒரே தடிமன்தான். அப்படியும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் அதிலேயே வரைந்திருக்கிறீர்கள், இத்தனைக்கும் நடுவில் எது மாறியது? ஒவ்வொரு படத்தையும் வெளியே போட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கியது மாறியிருக்கும். அதுவும் ரிப்பன் வைத்த சான்றிதழ்தான். மூன்று மாதம் எங்கும் போடாதீர்கள். இரண்டே பேருக்குக் காட்டுங்கள், அவர்களில் ஒருவராவது படத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கிற ஆளாக இருக்கட்டும். ‘சூப்பர்’ என்று மட்டும் சொல்பவர் வேண்டாம். மதினியிடம், ‘வருமானத்துக்கு இல்லை மதினி, எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று ஒரே தடவை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். அவர்களைக் குளிரவைக்கலாம் என்று அவர்கள் முகத்தை வரைந்து கொடுத்துவிடாதீர்கள். சாயல் வராவிட்டால் வீட்டில் இன்னொரு பிரச்சினை.

அக்கா மகனின் பத்து நொடிப் பாலம் என்னைப் போன்றவர்களுக்கு வயிற்றுப்பாடு. ஒரு படத்துக்குக் கூலி வாங்குகிறவனிடம், ‘இயந்திரம் சும்மா தருகிறதே’ என்று கேட்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பொறாமையோடுதான் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது பாலத்தின் படம் என்றால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மூன்று வருடம் முன்பே தூங்கப் போயிருப்பீர்கள். ஆனால் ஒன்று கேளுங்கள். அந்தப் பையனிடம், அவன் வரவழைத்த பாலத்தில் எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

ஆர்வத்துக்கு வழி கேட்டீர்கள். நிறத்தைக் குறையுங்கள். உங்கள் திரையில் 1,67,77,216 நிறம் இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் களைத்த கண்ணோடு அதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் யாருக்கும் டேப்லெட்டை மூடத்தான் தோன்றும். மலைக்கு அந்தப் பக்கத்துக் கோயில்களிலும் பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடியிலும் உள்ள சுவரோவியங்களைப் பாருங்கள்: மஞ்சள், காவிச் சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை, இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு தேவலோகத்தையே போட்டிருக்கிறார்கள். ஐந்து நிறத்தைத் தேர்ந்து ஒரு மூலையில் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு ஆறாவது கிடையாது.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் குற்றாலம் பக்கத்திலேயே இருக்கிறது. சீசன் கூட்டம் இல்லாத ஒரு வேலைநாளில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சித்திர சபைக்குப் போங்கள். ஐந்து சபைகளில் நடராஜர் சுவரில் ஓவியமாகவே இருக்கும் சபை அது ஒன்றுதான். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு முழ நீளச் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நில்லுங்கள். போனை வெளியே எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து, அந்த ஒரு முழத்தை நினைவிலிருந்து அஞ்சலட்டை அளவில், ஐந்து நிறத்தில் போடுங்கள். பாதி மறந்திருக்கும். மறந்த இடத்தை எதை வைத்து நிரப்பினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதைப் படிக்க எனக்கு ஆசை.

நான் கலைஞியா என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க நினைத்து விட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. முப்பது வருடம் கூலிக்கு வரைந்தவனுக்கும் அதற்குப் பதில் தெரியாது. வாரத்தில் நான்கு இரவு, இரவுக்கு அரை மணி நேரம் போதும். பதினொன்றரை வரை விழித்துக்கொண்டு மறுநாள் மில்லில் கன அடியில் தப்பு விடாதீர்கள், அங்கேதான் உண்மையான சிவப்புப் பேனா இருக்கிறது.

இன்றிரவு பாலத்தைத் திறக்க வேண்டாம். வளையலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள், டிரைவரைச் சரிசெய்யுங்கள், பிறகு வளையல் இல்லாமல் ஒரு வட்டம் போடுங்கள். அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள். கோணலாக இருந்தால் பரவாயில்லை, முட்டையாக இருந்தால் டிரைவரை மறுபடி பார்ப்போம்.